கரட்டு நிலத்துக் குள்ளநரி

தருமபுரி மாவட்டத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காப்புக்காடாக இருப்பதாலும், ஒகேனக்கல், சித்தேரி, வத்தல்மலை போன்ற பெயர்கள் காட்டையும் மலையையுமே நினைவூட்டுவதாலும், அம்மாவட்டத்தின் காட்டுயிர் என்றவுடன் யானையும் சிறுத்தையும் கரடியுமே பேச்சில் முந்துகின்றன. ஆனால் காட்டுக்கும் கழனிக்கும் இடையில், இரண்டிலும் சேராத நிலம் ஒன்று அங்கு ஏராளமாகக் கிடக்கிறது. பாறையும் முட்புதரும் கொண்ட சிறு குன்றுகளான கரடுகள், அவற்றின் அடிவாரச் சரிவுகள், ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் புறம்போக்கு, ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஓடைகளின் கரைகள், மழை பொய்த்ததால் உழாமல் விட்ட கொல்லைகள் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். மொரப்பூர், கம்பைநல்லூர், அரூர் பக்கம் பேருந்தில் செல்வோர் சன்னல் வழியே பார்த்து வெறும் பொட்டல் என்று முடிவுகட்டிவிடும் இந்நிலமே குள்ளநரியின் சொந்த நிலம்.

குள்ளநரியின் வாழ்க்கையை அறியப் புகுமுன் அதனை நரியிலிருந்து பிரித்தறிந்துகொள்வது நலம். இவ்விரண்டும் வெவ்வேறு விலங்குகளாயினும், பேச்சுவழக்கில் இரண்டையும் நரி என்றே சொல்லிவிடுகின்றனர். பொழுது சாய்ந்ததும் ஒன்று தொடங்கப் பிறவும் சேர்ந்து ஊளையிடுவதும், 8 முதல் 11 கிலோ வரை எடையுள்ளதும், ஓநாய்க்கும் வீட்டு நாய்க்கும் நெருங்கிய உறவுடையதுமான பொன்னிற நரி ஒருவகை. பாலக்கோடு, கோபாலபுரம் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு விளையும் பகுதிகளில் பகலில் தோகைக்குள் பதுங்கி இரவில் வெளிவருவது பெரும்பாலும் அதுவே. மாணிக்கவாசகர் வரலாற்றில் பரிகளாக வந்து, இரவில் பழைய உருவுக்குத் திரும்பி ஊளையிட்டு மதுரைக் கொட்டடியைக் கலங்கடித்தவையும் அந்த நரிகளாகத்தான் இருக்க வேண்டும், ஏனெனில் அப்படிக் கூட்டமாக ஊளையிடும் வழக்கம் குள்ளநரிக்கு இல்லை. குள்ளநரி, உண்மை நரிகள் என்று விலங்கியலார் வகைப்படுத்தும் வல்பெஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. உலகில் அப்பேரினத்தில் ஏறத்தாழ 12 வகைகள் உள்ளன. ஜார்ஜ் ஷா என்னும் ஆங்கிலேய விலங்கியலாளர் 1800ஆம் ஆண்டில் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது வங்காளத்தை வைத்துப் பெயரிட்டார் என்றாலும், இவ்விலங்கு இமயமலையின் அடிவாரம் தொடங்கித் தென்னிந்தியா வரை பரவியுள்ளது. இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர வேறெங்கும் இது இல்லை. இலங்கையிலும் இது கிடையாது. அங்குள்ளது பொன்னிற நரி மட்டுமே.

வளர்ந்த குள்ளநரி இரண்டு முதல் நான்கு கிலோ வரையே எடையுள்ளது. வீட்டுப் பூனையில் சற்றுப் பெரியதன் எடைதான் அது. நீண்டு மெலிந்த கால்கள், கூரிய முகம், தலைக்குப் பொருந்தாத அளவு பெரிய காதுகள், சாம்பலும் வெளிர்பழுப்பும் கலந்த உடல், கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே சிறு கருந்திட்டு ஆகியவை இதன் அடையாளங்கள். உடல் நீளத்தில் பாதிக்கும் மேல் வரும் அடர்ந்த வாலின் நுனி கறுப்பாக இருக்கும். இமயமலையிலும் வடமேற்குப் பாலைநிலத்திலும் வாழும் செந்நரியின் வால் நுனி வெண்மையாக இருப்பதால், நூல்களில் காணும் படங்களை வைத்துக் குழம்புவோருக்கு இந்த ஓர் அடையாளமே போதுமானது. வாலின் பயன் அழகோடு நிற்பதில்லை. மெல்ல நடக்கும்போது தாழ்ந்து தொங்கும் வால், ஓடத் தொடங்கியதும் உடலுக்கு நேர்கோட்டில் நீள்கிறது. துரத்தும் நாயிடமிருந்து தப்ப ஓட்டத்தின் நடுவே சட்டென்று திசைமாற்றும்போது அதே வால் ஏறக்குறைய செங்குத்தாக உயர்ந்து உடலின் சமநிலையைத் தாங்குகிறது. நெடுந்தூரம் விரைந்தோடும் ஆற்றலில் நாயை வெல்ல முடியாத இச்சிறு விலங்கு, திடீர்த் திருப்பங்களால்தான் பெரும்பாலும் உயிர் தப்புகிறது. அதற்குத் தடையில்லாத வெட்டவெளியும், ஓடி மறைய அருகில் ஒரு வளையும் வேண்டும்.

அடர்காட்டையும் செங்குத்தான மலைச்சரிவையும் உயர்ந்த புற்கள் மூடிய இடத்தையும் குள்ளநரி தவிர்ப்பதற்கு இதுவே முதற்காரணம். இரண்டாவது காரணம் இரை. குள்ளநரி கண்ணைக் காட்டிலும் காதையே நம்பி இரைதேடும் விலங்கு. குட்டையான புல்லும் இடைவிட்ட புதரும் உள்ள நிலத்தில் எலி ஒன்று சருகில் நகரும் ஒலியும், வண்டு மண்ணைக் கிளறும் ஒலியும் அதன் காதுக்கு எட்டிவிடுகின்றன. காதுகளை முன்னோக்கித் திருப்பி அசையாமல் நின்று, ஒலி வரும் இடத்தை உறுதிசெய்துகொண்டு, முன்கால்கள் முதலில் படியுமாறு எழும்பி விழுந்து பிடிப்பது அதன் வேட்டை முறை. ஆண்டு மழை குறைந்த, கோடை நீண்ட மேட்டுநிலமாகிய தருமபுரியின் திறந்த பகுதிகளில் இவ்விரண்டு தேவைகளும் நிறைவேறுகின்றன.

பகலின் வெப்பத்தில் குள்ளநரி புதர் நிழலிலோ பாறை இடுக்கிலோ வளைக்குள்ளோ கிடந்துவிட்டு, அந்தி சாயும் வேளையில் வெளிப்படுகிறது. இரவின் முற்பகுதியும் விடியலுக்கு முந்திய நேரமும் அதன் வேலைநேரம். மழைமேகம் மூடிக் குளிர்ந்த நாட்களில் பகலிலும் இரைதேடுவதுண்டு. உணவில் அது எதையும் ஒதுக்குவதில்லை. கறையான், வெட்டுக்கிளி, வண்டு, தேள், ஓணான், சிறு பாம்பு, தரையில் முட்டையிடும் பறவைகளின் முட்டை, வெள்ளெலி, வயலெலி என ஊன் ஒருபுறமும், இலந்தை, நாவல், ஆலம்பழம், வேப்பம்பழம், சரக்கொன்றைக் காயின் சதைப்பற்று எனப் பழவகை மறுபுறமும் பருவத்துக்கேற்ப மாறி மாறி இடம்பெறுகின்றன. முதல் கோடைமழைக்குப் பின் ஈசல் கிளம்பும் இரவுகளில் குள்ளநரிக்கு வேறு எதுவும் தேவைப்படுவதில்லை. மாம்பழக் காலத்தில் காரிமங்கலம், பாலக்கோடு தோப்புகளில் உதிர்ந்து கிடக்கும் பழங்களும் அதற்கு விருந்துதான். ஆனால் மரமேறிப் பறிக்கும் திறமோ, மூட்டை மூட்டையாக நட்டம் உண்டாக்கும் வயிறோ அதற்கு இல்லை.

குள்ளநரியின் எச்சத்தை உடைத்துப் பார்த்தால், அது உழவனுக்கு உறவா பகையா என்னும் கேள்விக்கு விடை பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். மின்னும் வண்டுச் சிறகோடுகள், எலியின் மயிர், நொறுங்கிய சிற்றெலும்புகள், அவற்றோடு முழுதாகச் செரிக்காமல் வந்த இலந்தைக் கொட்டைகள் ஆகியவை அதில் காணப்படும். நிலக்கடலை, கேழ்வரகு, சாமை, கொள்ளு விளையும் மானாவாரிக் கொல்லையில் எலியும் பூச்சியும் தரும் இழப்பை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும். கடலைக் கொல்லையைத் தோண்டிப் போட்டது நரி என்று பழி எழும்போது, உண்மையில் அது பன்றியின் வேலையாகவே பெரும்பாலும் இருக்கிறது. காட்டுப்பன்றி வரப்போடு சேர்த்து மண்ணை உழுது புரட்டுவதும், குள்ளநரி தோண்டும் குழி ஒரு கையளவில் நிற்பதும் வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கும். கோழிக்குஞ்சைத் தூக்கிச் சென்ற குற்றச்சாட்டில் மட்டும் அதனை முழுதாக விடுவிக்க இயலாது. குள்ளநரித்தனம் என்னும் சொல்லால் சூழ்ச்சிக்காரரைச் சுட்டும் வழக்கத்துக்கு இந்த விலங்கின் நடத்தையில் பெரிய ஆதாரம் எதுவும் இல்லை. அது சூழ்ச்சி செய்வதைவிட, பார்த்தவுடன் ஓடிவிடவே விரும்பும் விலங்கு.

குள்ளநரியின் வாழ்வில் மிகவும் செறிவான பகுதி அதன் வளையும் குடும்பமும்தான். பெரும்பாலான மாதங்களில் நிலத்தின் மேலேயே காலம் கழிக்கும் இவ்விலங்கு, குட்டி ஈனும் பருவத்தில்தான் வளையை முழுமையாகச் சார்ந்திருக்கிறது. அதன் வளைகள் ஒரே வகையானவை அல்ல. ஓய்வெடுக்கவும் அவசரத்தில் நுழையவும் பயன்படும், இரண்டு வாய்கள் மட்டுமே உள்ள குட்டையான வளை ஒருவகை. பாறைகளுக்கு அடியிலும் இடுக்குகளிலும் அமையும் வளை மற்றொருவகை. குட்டிகளை வளர்ப்பதற்கென்று, பல வாய்களும் ஒன்றோடொன்று இணையும் சுரங்கங்களும் கொண்டு, நிலமட்டத்துக்கு இரண்டு மூன்று அடி ஆழத்தில் பரந்து செல்லும் பெருவளை மூன்றாம் வகை. பெரும்பாலும் தானே தோண்டிக்கொண்டாலும், வெள்ளெலியின் பொந்துகளைக் கைப்பற்றி அகலப்படுத்திக்கொள்வதும் உண்டு. நல்ல இடத்தில் அமைந்த பெருவளையை ஆண்டுதோறும் திரும்ப வந்து பயன்படுத்துவதால், ஒரு வளை பல தலைமுறைக் குட்டிகளைக் கண்டதாக இருக்கக்கூடும். அவ்வளையை அழிப்பது ஒரு விலங்கின் ஒரு பருவத்து வீட்டை அழிப்பதோடு முடிந்துபோவதில்லை.

வளை அமையும் இடத்தைத் தேர்வதிலும் ஒரு முறை தெரிகிறது. மழைநீர் தேங்காத மேடான சரிவு, தோண்டுவதற்கு இளகியதாயினும் இடிந்துவிழாத மண், நாலாபுறமும் பார்வைக்குத் தடையில்லாத வெளி ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தை அது நாடுகிறது. கரட்டின் அடிவாரத்தில் செம்மண் சரிந்து வந்து படிந்த இடங்களும், பழைய ஏரிக்கரைகளும், உயர்ந்த வரப்புகளும் இதற்குப் பொருந்துகின்றன. பயன்பாட்டில் உள்ள வளையை அடையாளம் காண்பது கடினமன்று. அதன் வாயில் சிலந்தி வலை இராது. வாயின் முன் புதிய மண் விசிறிபோல் பரவிக் கிடக்கும். அம்மண்ணில் நகம் பதிந்த சிறு அடித்தடங்களும், அருகில் இறகுகளும் எலும்புத் துணுக்குகளும் காணப்படும். குட்டிகள் வெளியே விளையாடத் தொடங்கிய பின்னர் வாயைச் சுற்றிய புல் மிதிபட்டுத் தேய்ந்து, அவ்விடம் மட்டும் மொட்டையாகிவிடும்.

குள்ளநரிகள் இணையாக வாழ்பவை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரே பகுதியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருக்கின்றன. டிசம்பர், ஜனவரி மாதங்களில் அவை கூடுகின்றன. அக்காலத்து இரவுகளில், விட்டுவிட்டுக் கேட்கும் அவற்றின் சளசளத்த குரல் பிற மாதங்களைவிட மிகுதியாக ஒலிக்கிறது. கருக்காலம் 50 முதல் 53 நாள். ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு குட்டிகள் பிறக்கின்றன. தாய் வளையை விட்டு நீங்காத முதல் வாரங்களில் ஆண் நரி இரை கொண்டுவருகிறது. பின்னர் இரண்டுமே மாறி மாறி இரைதேடவும் காவலிருக்கவும் செய்கின்றன. ஒரே வளையில் இரண்டு பெண் நரிகள் குட்டிகளுக்குப் பாலூட்டிய அரிய நிகழ்வும் பதிவாகியுள்ளது. மனிதரோ நாயோ வளையை முகர்ந்து சென்றுவிட்டால், பெற்றோர் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறு வளைக்கு மாற்றுகின்றன. ஏறத்தாழ மூன்று மாதம் பால்குடிக்கும் குட்டிகள் கோடையின் முடிவில் தாமே இரைதேடக் கற்று, தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலத்தில், பிறந்து நான்கைந்து மாதங்களில், தத்தம் வழியே பிரிந்து செல்கின்றன. பூச்சிகள் பெருகும் மழைக்காலமும், அனுபவமற்ற இளநரிகள் முதன்முதலாகத் தனித்துத் திரியும் காலமும் ஒன்றாக அமைந்திருப்பது இயற்கையின் ஏற்பாடுகளில் ஒன்று.

இத்தகைய செய்திகளில் பலவும் தமிழ்நாட்டிலேயே முதலில் முறையாகக் கவனிக்கப்பட்டவை என்பது பலருக்குத் தெரியாது. நாங்குநேரியில் பிறந்து, சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்து, பின்னாளில் இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தின் புகழ்பெற்ற அறிஞராக விளங்கிய ஏ.ஜே.டி. ஜான்சிங், குள்ளநரியின் சூழலியலும் நடத்தையும் பற்றிய தம் கட்டுரையை 1978ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். புலிக்கும் யானைக்கும் ஆய்வாளர்கள் திரண்ட காலத்தில், ஊர்ப்புறத்துச் சிறு விலங்கு ஒன்றைப் பொறுமையாகக் கவனித்து எழுதப்பட்ட கட்டுரை அது. இன்றும் குள்ளநரியைப் பற்றி எழுதுவோர் அதனைக் கடந்து செல்ல முடிவதில்லை.

இனப்பெருக்கக் காலத்தின் இந்த நாட்கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், தருமபுரியை அடுத்த சேலம் மாவட்டத்தில் வாழப்பாடி வட்டாரத்துச் சில ஊர்களில் பொங்கலையொட்டி நடந்துவரும் வங்காநரி ஜல்லிக்கட்டின் உண்மையான விளைவு தெரியவரும். பொங்கல் நாட்களில் நரியின் முகத்தில் விழித்தால் ஆண்டு முழுதும் நன்மை பெருகும், மழை பொழியும், விளைச்சல் கூடும் என்னும் நம்பிக்கையில், சின்னமநாயக்கன்பாளையம், கொட்டவாடி முதலிய ஊர்களில் வலைகட்டிக் குள்ளநரியைப் பிடித்து, வாயைக் கட்டி, காலில் கயிறு பூட்டி, மாலையிட்டு ஊர்வலமாகக் கொண்டுவந்து, கோயில் முன்பு ஓடவிட்டு, பின்னர் கொண்டுபோய் விட்டுவிடுவது வழக்கம். வனத்துறை ஒவ்வோர் ஆண்டும் எச்சரிக்கை விடுப்பதும், மீறுவோருக்கு அபராதம் விதிப்பதும் நாளிதழ்களில் செய்தியாகின்றன. 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்ற விலங்காதலால், கொல்லாவிட்டாலும் பிடிப்பதே குற்றமாகும். நரியைக் கொல்வதில்லை, வணங்கித்தான் விடுகிறோம் என்று ஊரார் சொல்லும் விளக்கத்தில் நேர்மை இருக்கிறது. பகையில்லாமல் விலங்கை அணுகும் மனநிலையை இகழ வேண்டியதும் இல்லை. ஆயினும் தை முதல் நாளில் பிடிபடுவது பெண் நரியானால், அது கருவுற்றிருப்பதற்கோ குட்டி ஈன்றிருப்பதற்கோ மிகுந்த வாய்ப்புண்டு. ஆரவாரத்துக்கு நடுவே ஓடவிடப்பட்ட விலங்கு உயிரோடு திரும்பினாலும், அந்த ஆண்டின் குட்டிகள் பிழைக்கும் என்பதற்கு உறுதியில்லை. மழையையும் விளைச்சலையும் வேண்டிச் செய்யும் சடங்கு, வயலின் எலியைத் தின்னும் உயிரின் ஒரு தலைமுறையை இழக்கச் செய்வது முரண்பாடுதான்.

நரிக்கொம்பு, நரிப்பல், நரிவால் என்று தாயத்துக்காக விற்கப்படும் பொருள்களைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. எந்த நரிக்கும் கொம்பு முளைப்பதில்லை. விற்பது மோசடி, வாங்குவது சட்டப்படி குற்றம்.

சடங்கையும் தாயத்தையும்விடக் குள்ளநரிக்குப் பெருங்கேடாக இருப்பது ஊர் நாய்தான் என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. மகாராட்டிரத்தின் சோலாப்பூர் அருகே நான்னஜ் புல்வெளியில் அபி தமிம் வனக்கும் அமெரிக்க ஆய்வாளர் மாத்யூ கோம்பரும் நடத்திய ஆய்வில், குள்ளநரிகள் வந்து உண்ணும் இடத்தில் உணவை வைத்து, அருகில் நாயைக் கட்டிவைத்துச் சோதித்தனர். நாய் கண்ணில் பட்டபோது நரிகள் உண்ட அளவு வெகுவாகக் குறைந்ததோடு, உண்ணும் நேரத்தில் பெரும்பகுதி நிமிர்ந்து பார்ப்பதிலேயே கழிந்தது. நாய் நரியைக் கடித்துக் கொல்வது ஒரு பாதி என்றால், அது வெறுமனே சுற்றிவருவதாலேயே நரி தன் நல்ல இரைநிலத்தை விட்டுக்கொடுத்துவிடுவது மறுபாதி. கிடைக்கு ஆடு மறிப்போரும் கொல்லைக் காவலிருப்போரும் நாய் வளர்ப்பது நியாயமான தேவை. கழுத்தில் கட்டின்றி, உணவுக்கு ஊர்க் குப்பையையும் பொழுதுபோக்குக்குக் கரட்டையும் நாடித் திரியும் நாய்க்கூட்டங்களே சிக்கலுக்குக் காரணம்.

நாயிடமிருந்து பரவும் நோய் அதனினும் பெரிய இடர். டிஸ்டெம்பர் என்பது நாய்க் குடும்பத்து விலங்குகளைத் தாக்கும் ஒரு வைரஸ் நோய். மனிதருக்கு அது தொற்றுவதில்லை என்பதால் பேசப்படுவதும் இல்லை. மூச்சுக்குழலையும் குடலையும் தாக்கி, இறுதியில் நரம்பு மண்டலத்தைக் குலைத்துவிடும் இந்நோய் ஒரு பகுதியில் பரவினால், சில மாதங்களில் அங்குள்ள குள்ளநரிகளின் எண்ணிக்கை கீழே விழுந்துவிடும். ஆந்திரத்தின் ரோலப்பாடு புல்வெளிச் சரணாலயத்தில் நோயால் குள்ளநரிகள் அருகிப்போனது பதிவாகியுள்ளது; நான்னஜ் பகுதியிலும் நாய்களுக்கும் நரிகளுக்கும் இடையே இந்நோயின் தடயங்கள் இருந்ததை ஆய்வுகள் உறுதிசெய்தன. வெறிநோயும் அவ்வாறே. ஐரோப்பாவில் செந்நரியே வெறிநோயைச் சுமந்து பரப்பிய விலங்காக இருந்ததால், 1978ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் கோழித்தலைகளுக்குள் தடுப்பு மருந்தை வைத்துக் காடுகளில் போட்டு நரிகளைத் தின்னச் செய்யும் முறை தொடங்கியது. அம்முறை பரவி, மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதி நரிகளிடமிருந்து வெறிநோயை ஒழித்துவிட்டது. இந்தியாவில் நிலைமை நேர்மாறானது. இங்கு வெறிநோயின் இருப்பிடம் நாய். நரி அதனிடமிருந்து நோயைப் பெறும் பலிகடா. ஆகவே ஊர் நாய்களுக்குத் தடுப்பூசி போடுவது ஊராரைக் காக்கும் அதே நேரத்தில் கரட்டு விலங்குகளையும் காக்கும்.

இவற்றையெல்லாம் தாங்கிப் பிழைத்தாலும், நிற்க நிலமில்லையானால் குள்ளநரிக்கு வழியில்லை. இதன் வேர் தருமபுரி மண்ணின் வரலாற்றிலேயே இருக்கிறது. பாராமகால் என்று வழங்கப்பட்ட இப்பகுதி 1792ஆம் ஆண்டில் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்ததும், கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, உழவரிடமிருந்து நேரடியாக வரி பெறும் ரயத்துவாரி முறையை இங்கேதான் உருவாக்கினர். வரி தரும் நிலம் நஞ்சை, புஞ்சை என்று கணக்கில் ஏறியது. வரி தராதது தரிசு என ஒதுக்கப்பட்டது. அரசின் வருவாய்க்கு உதவாத நிலம் எதற்கும் உதவாத நிலம் என்னும் கருத்து அப்போது வேரூன்றி, இன்றுவரை பிடுங்கப்படவில்லை. மத்திய அரசின் நிலவளத் துறை 2000ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் தரிசுநில வரைபட நூலிலும் புதர்க்காட்டின் பல வகைகள் தரிசு என்னும் தலைப்பின் கீழேயே இடம்பெறுகின்றன. தரிசு என்று பெயர் விழுந்துவிட்டால் அந்நிலத்தைப் பயனுள்ளதாக்குவது கடமையாகிவிடுகிறது. தைலமரம் நடுவதும், கல் உடைப்பதும், மனை பிரிப்பதும், தொழிற்பேட்டை அமைப்பதும், சூரிய மின்பலகைகள் நிறுவுவதும் அக்கடமையின் வடிவங்களே. இவற்றில் சில மாவட்டத்துக்குத் தேவையானவை; வேலை தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் இளைஞர்கள் செல்லும் மாவட்டத்தில் தொழில் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. எனினும் மரம் நட்டால் எல்லா நிலமும் வளமாகிவிடும் என்னும் எண்ணம் மட்டும் தவறானது. புல்லும் முள்ளும் உள்ள திறந்த வெளியில் தைலமரக் கன்றுகளை வரிசையாக நட்டால், பத்தாண்டில் அங்கு மரம் இருக்கும். வெள்ளெலியும் கௌதாரியும் குள்ளநரியும் இரா.

காப்பாற்றும் ஏற்பாடுகளும் காட்டை நோக்கியே அமைந்துள்ளன. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு காட்டுயிர் சரணாலயம் 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது பாராட்டத்தக்கது. யானை வழித்தடங்களுக்கு அது பெருந்துணை. ஆனால் குள்ளநரியின் நிலம் பெரும்பாலும் அந்த எல்லைக்கல்லுக்கு வெளியே, வருவாய்த் துறையின் பதிவேட்டில் இருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் குள்ளநரி கவலை குறைந்த இனமாக வைக்கப்பட்டிருப்பதும் இதற்கு ஒரு காரணம். பரந்த துணைக்கண்டம் முழுதும் இருப்பதால் ஓர் இனம் அழிந்துவிடாது என்பது உண்மைதான், ஆனால் ஒரு வட்டத்தில், ஓர் ஊரில் அது அற்றுப்போவதை அந்தப் பட்டியல் காட்டாது.

சத்தமில்லாமல் நிகழும் சாவுகளும் உள்ளன. பாலக்கோடு வட்டம் மாரண்டஅள்ளி அருகே காளிக்கவுண்டன்கொட்டாயில் 2023 மார்ச்சில் விவசாய நிலத்தின் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தபோது நாடே அதிர்ந்தது. பன்றிக்காகப் போடப்படும் அதே மின்கம்பியில் இரவில் சிக்கும் குள்ளநரியை, விடிந்ததும் காலால் தள்ளிவிட்டுப் போவார்கள். அது எந்தக் கணக்கிலும் ஏறாது. பன்றியைக் கொல்ல உணவுக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைக்கும் அவுட்டுக்காய் அதனினும் கொடியது, ஏனெனில் கடித்த விலங்கு தாடை சிதறி, உண்ணவும் குடிக்கவும் முடியாமல் பல நாள் கழித்தே சாகிறது. தொப்பூர் கணவாய் வழியே செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலும், அகலப்படுத்தப்பட்ட மாவட்டச் சாலைகளிலும், ஒளிவிளக்கில் திகைத்து நின்று அடிபடும் சிறு விலங்குகளில் குள்ளநரியும் ஒன்று. எலிக்கு வைத்த நஞ்சு எலியோடு நிற்பதில்லை. நஞ்சுண்டு தள்ளாடும் எலியைப் பிடிப்பது எளிது என்பதால் நரி முதலில் அதையே பிடிக்கிறது.

குள்ளநரியைக் காப்பதற்குப் புதிய சரணாலயமோ பெருந்தொகையோ கட்டாயம் இல்லை. அதற்குத் தேவைப்படுவது வளை இருக்கும் சில சென்ட் நிலம், ஆண்டில் சில மாதங்கள். சித்திரையில் கோடைமழை விழுந்ததும் கரம்பை உழுது போடுவது மானாவாரி உழவில் வழக்கம். குட்டிகள் வளையின் வாயில் விளையாடிக்கொண்டிருக்கும் நேரமும் அதுவே. உழவு இயந்திரம் ஏறும்முன் வரப்பையும் சரிவையும் ஒருமுறை நடந்து பார்த்து, புதிய மண் பரவிய வளை தென்பட்டால் அதனைச் சுற்றிச் சில அடி விட்டு உழுவதும், வளையைப் புகைபோடாமலும் தோண்டாமலும் நாயை ஏவாமலும் இருப்பதும், ஆடிப்பட்டம் விதைக்கும் நாள் வரும்வரை அவ்விடத்தைத் தொடாமல் விடுவதும் போதும். அதற்குள் குட்டிகள் தாமாகவே பிரிந்து சென்றிருக்கும். ஊராட்சிகள் தம் மேய்ச்சல் புறம்போக்கில் மரக்கன்று நடும் திட்டத்துக்கு இடம் குறிக்கும்போது, வளை உள்ள கரட்டடிகளை விலக்கிக் குறிக்க வேண்டும். கால்நடைத் துறையின் வெறிநோய்த் தடுப்பூசி முகாம் கரட்டோரக் கொட்டாய்களின் நாய்களுக்கும் எட்டுமாறு நடத்தப்பட வேண்டும். பொங்கலுக்கு வலையோடு புறப்படுவோரை ஊர்ப் பெரியவர்களே தடுத்து நிறுத்த வேண்டும். அடிபட்ட நரியையோ, தாயற்ற குட்டிகளையோ கண்டவர்கள் வீட்டுக்குத் தூக்கிச் செல்லாமல் அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவிப்பதே முறை. தனியே காணப்படும் குட்டி பெரும்பாலும் கைவிடப்பட்டதன்று, இரைதேடச் சென்ற தாய் அந்தி சாய்ந்ததும் அதே இடத்துக்குத் திரும்பி வரும்.